வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்ய ஒழுங்கான வழி இருக்கிறதா?

கேட்டவர் ஒரு தகப்பனார். "என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மற்ற பாடமெல்லாம் பரவாயில்லை. வேதிச் சமன்பாடு வந்தால் மட்டும் எண்ணைப் போடுகிறாள், அழிக்கிறாள், திரும்பப் போடுகிறாள், தாளில் ஓட்டையே விழுந்துவிடுகிறது. 'போட்டுப் பார்த்துக்கொண்டே இரு, வந்துவிடும்' என்று ஆசிரியர் சொன்னாராம். இதற்கு ஒழுங்கான வழி கிடையாதா? டியூஷன் வைக்க வேண்டுமா?"

வழி இருக்கிறது. அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் பள்ளியில் வேதியியல் எடுத்தவன் நான். சமன்பாட்டில் மதிப்பெண் போன விடைத்தாள்களைப் பார்த்தால், பெரும்பாலும் சமன் செய்வதில் தப்பு இருக்காது. அதற்கு முந்தின படியிலேயே, பொருளில் எந்த அணு எத்தனை என்று காட்டும் வாய்பாட்டை எழுதும்போதே தப்பு நடந்திருக்கும். கூட்டல் தெரிந்த பிள்ளைக்குச் சமன் செய்யத் தெரியும். எதைக் கூட்டுகிறோம் என்பதில்தான் தடுமாற்றம். மகளின் நோட்டை எடுத்துப் பாருங்கள், அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பதிலில் குறியீடுகளை எழுதாமல் எல்லாவற்றையும் பெயராகவும் எண்ணாகவும்தான் எழுதப் போகிறேன். வேண்டுமென்றேதான். குறியீட்டைக் கண்டதும் பிள்ளைகள் அதை ஒரு படம் மாதிரி பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், எண்ணுவதில்லை. "நீர், ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1" என்று வாய்விட்டுச் சொன்னால் எண்ணித்தான் ஆக வேண்டும். பரீட்சையில் அவள் குறியீட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

எல்லோரும் தொடங்கும் இடத்திலேயே தொடங்குவோம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் ஆகிறது. ஹைட்ரஜன் வாயு இரண்டிரண்டு அணுக்களாக ஒட்டிக்கொண்டு திரிவது. ஆக்சிஜனும் அப்படியே. அம்புக்குறிக்கு இடது பக்கம் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2. வலது பக்கம் நீரில் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1. ஒரு ஆக்சிஜன் குறைகிறது. இங்கே பத்தில் நான்கு பிள்ளைகளாவது செய்வது என்ன தெரியுமா? நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனின் காலடியில் ஒரு சின்ன 2 போட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது, வேலை முடிந்தது!

ஆனால் இப்போது அங்கே இருப்பது நீர் இல்லை. ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2 உள்ள பொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் காயம் துடைக்கக் கொடுப்பார்களே, நுரைத்துக்கொண்டு வருமே, அதுதான். ஒரு சின்ன எண்ணில் குடிதண்ணீர் மருந்தாகிவிட்டது.

பொருளுக்கு முன்னால் நிற்கும் எண்ணைப் பாடப்புத்தகம் கெழு என்கிறது. கீழே சின்னதாக நிற்பதை வகுப்பில் நான் காலடி எண் என்றே சொல்வேன். கெழு எத்தனை மூலக்கூறு என்று சொல்கிறது. காலடி எண் அது என்ன பொருள் என்று சொல்கிறது. விருந்தாளி கூடுதலாக வந்துவிட்டால் இன்னொரு ஈடு இட்லி வேகவைக்கிறோம். இருக்கிற இட்லியைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்க மாட்டோம். அதே போலத்தான் இங்கேயும், ஆக்சிஜன் போதவில்லை என்றால் இன்னொரு நீர் மூலக்கூறு:

2 ஹைட்ரஜன் + 1 ஆக்சிஜன் → 2 நீர்

இடது பக்கம் ஹைட்ரஜன் அணு 4, ஆக்சிஜன் அணு 2. வலது பக்கமும் அதேதான்.

இந்த 2, 1, 2 யாரோ பென்சிலை உருட்டிக் கண்டுபிடித்த எண்கள் இல்லை. 1808இல் பிரான்ஸில் கே லூசாக் என்ற வேதியியலாளர் வாயுக்களின் பருமனை அளந்து பார்த்தார். இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி கிடைத்தது. அதாவது கெழுக்கள் ஆய்வகத்தில் குடுவையிலேயே தெரிந்துவிட்டன. ஆனால் அணுக்கொள்கை கொண்டுவந்த ஜான் டால்டனே நீரை ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார். எளிமையானதே உண்மையாக இருக்கும் என்பது அவர் எண்ணம். ஒரு பங்கு ஆக்சிஜனிலிருந்து எப்படி இரண்டு பங்கு நீராவி வரும், அணுவை வெட்டவா முடியும் என்பது அன்றைய குழப்பம். ஆக்சிஜன் தனி அணுவாக இல்லாமல் ஜோடியாக இருந்தால் பிரிந்து இரண்டு பக்கம் போகலாமே என்று 1811இல் இத்தாலிய அறிஞர் அவகாட்ரோ சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடிய மாநாட்டில் கன்னிசாரோ என்ற இன்னொரு இத்தாலியர் அதை எடுத்து வாதாடிய பிறகுதான் விஷயம் மெல்லத் தெளிந்தது. பெரிய பெரிய ஆட்களே ஐம்பது வருடம் நீரின் வாய்பாட்டில் தடுமாறியிருக்கிறார்கள். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் தெம்பு வரும்.

ஆக முதல் வேலை வாய்பாட்டைச் சரியாக எழுதுவது. அதற்கு இணைதிறன், அதாவது ஒரு தனிமம் மற்றவற்றோடு சேரும் திறனைச் சொல்லும் எண், தெரிந்திருக்க வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை. சோடியம், பொட்டாசியம், வெள்ளி, குளோரின் போன்றவற்றுக்கு 1. மக்னீசியம், கால்சியம், துத்தநாகம், ஆக்சிஜனுக்கு 2. அலுமினியத்துக்கு 3. சில அணுக்கள் ஒட்டிக்கொண்டு ஒரே ஆளாக நடப்பதைத் தொகுதி என்பார்கள்: ஹைட்ராக்சைடு, நைட்ரேட் தொகுதிகளுக்கு 1, சல்பேட், கார்பனேட்டுக்கு 2, பாஸ்பேட்டுக்கு 3. இந்தப் பட்டியல் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாக இருக்க வேண்டும். மனப்பாடத்தைக் கேவலமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பதினைந்து இருபது எண்ணை நெட்டுருப் போடுவதில் ஒன்றும் மூளை மழுங்கிவிடாது. இணைதிறனைக் குறுக்கே மாற்றி எழுதினால் வாய்பாடு வந்துவிடும். அலுமினியம் 3, ஆக்சிஜன் 2. மாற்றினால் அலுமினியம் ஆக்சைடில் அலுமினியம் 2, ஆக்சிஜன் 3.

அப்புறம், தனியாக இருக்கும்போதே ஜோடியாகத் திரியும் தனிமங்கள் ஏழு: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின். உலோகங்களை ஒற்றை அணுவாகவே எழுதலாம். தனி ஆக்சிஜன் வாயுவுக்குக் காலடி 2 போட மறப்பதாலேயே போகிற மதிப்பெண்கள் ஏராளம்.

வாய்பாடு தப்பினால் எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. அலுமினியத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் அலுமினியம் குளோரைடும் ஹைட்ரஜனும் வரும். அலுமினியத்தின் இணைதிறனை ஒரு பிள்ளை தப்பாக 2 என்று நினைத்துவிட்டது என்று வையுங்கள். அலுமினியம் 1, அமிலம் 2, ஹைட்ரஜன் 1 என்று அழகாக, ஒரு நிமிடத்தில் சமன் ஆகிவிடும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் முழுக்கத் தப்பு. சரியான வாய்பாட்டில் ஒரு அலுமினியத்துக்குக் குளோரின் 3. அமிலத்தில் ஹைட்ரஜன் 1, குளோரின் 1. குளோரினுக்காக அமிலம் 3 போட்டால் ஹைட்ரஜனும் 3 ஆகிறது, ஆனால் ஹைட்ரஜன் வாயு ஜோடியாகத்தான் வெளியேற முடியும். 3 ஒற்றைப்படை. அதனால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்க வேண்டும்:

2 அலுமினியம் + 6 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → 2 அலுமினியம் குளோரைடு + 3 ஹைட்ரஜன்

ஒற்றைப்படையும் ஜோடியும் மோதினால் இரட்டிப்பாக்கு. பத்தாம் வகுப்புச் சமன்பாடுகளில் பாதி இந்த ஒரு சங்கதியில் அடங்கிவிடும்.

இப்போது நீங்கள் கேட்ட வழி. எந்தத் தனிமத்தில் தொடங்குவது என்பதுதான் அந்த வழியே. "போட்டுப் பார்" என்றால் பிள்ளை கண்ணில் முதலில் படுவதில் தொடங்கும், பெரும்பாலும் அது ஆக்சிஜனாக இருக்கும், அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் நாலு இடத்தில் இருக்கும், ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். இரண்டு பக்கமும் ஒரே ஒரு பொருளில் மட்டும் இருக்கிற தனிமத்தை முதலில் பிடிக்க வேண்டும். தனித் தனிமமாக நிற்கிற பொருளைக் கடைசிக்கு வைக்க வேண்டும், ஏனென்றால் அதன் கெழுவை மாற்றினால் வேறு எதுவும் கெடாது. அவ்வளவுதான் ரகசியம்.

உங்கள் வீட்டு அடுப்பிலேயே செய்து பார்க்கலாம். சமையல் எரிவாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேனை எடுத்துக்கொள்வோம். அதில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. நன்றாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீரும் வரும். கார்பன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொருளில்தான் இருக்கிறது. எனவே அதில் தொடங்கு: கார்பன் 4, ஆகவே கார்பன் டை ஆக்சைடு 4. அடுத்து ஹைட்ரஜன் 10, நீருக்கு இரண்டிரண்டு, ஆகவே நீர் 5. இனி வலது பக்க ஆக்சிஜனை எண்ணலாம்: கார்பன் டை ஆக்சைடில் 8, நீரில் 5, மொத்தம் 13. இடது பக்கம் ஆக்சிஜன் தனியாக, ஜோடியாக நிற்கிறது. 13 அணுவுக்கு ஆறரை மூலக்கூறு. பிள்ளைகள் இந்த அரையைப் பார்த்ததும் பயந்து முழுவதையும் அழித்துவிடுவார்கள். அழிக்க வேண்டாம். ஆறரை என்றே எழுதிவிட்டு எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கு:

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்

ஒரு தடவைகூட அழிக்கவில்லை. புரொப்பேனில் கார்பன் 3, ஹைட்ரஜன் 8. அதை மகளே செய்யட்டும், அரை வராது, ஆக்சிஜன் 5 வரும்.

இத்தனை பாடும் எதற்கு என்று அவள் கேட்டால் சிலிண்டரைக் காட்டுங்கள். கார்பனின் அணு எடை 12, ஹைட்ரஜன் 1, ஆக்சிஜன் 16. மேலே உள்ள சமன்பாட்டை கிராமில் எழுதினால் 116 கிராம் பியூட்டேனும் 416 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்து 352 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 180 கிராம் நீரும் வருகின்றன. இரண்டு பக்கமும் 532. வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ வாயு. எல்லாமே பியூட்டேன் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அது காலியாவதற்குள் சமையலறைக் காற்றிலிருந்து சுமார் 51 கிலோ ஆக்சிஜனை இழுத்திருக்கும், 43 கிலோ கார்பன் டை ஆக்சைடை விட்டிருக்கும். கூடவே 22 லிட்டர் தண்ணீர், எல்லாம் ஆவியாக. பச்சைத் தண்ணீர்ப் பாத்திரத்தை அடுப்பில் வைத்ததும் அதன் வெளிப்பக்கம் கொஞ்ச நேரம் வியர்த்து நிற்குமே, அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு பாத்திரத்துக்குள்ளிருந்து வந்ததில்லை, வாயு எரிந்து வந்தது. சமன்பாட்டின் வலது பக்கத்தை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். காற்று போதாமல் பியூட்டேன் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், ஆளைக் கொல்கிற விஷவாயு. அந்தச் சமன்பாடும் அழகாகச் சமன் ஆகும்: 2 பியூட்டேன், 9 ஆக்சிஜன், அங்கே 8 கார்பன் மோனாக்சைடு, 10 நீர். எண்ணிப் பாருங்கள், ஆக்சிஜன் இரண்டு பக்கமும் 18. ஆகவே சமன் ஆகிவிட்டது என்பதால் அந்த வினை நடக்கிறது என்று ஆகாது. என்ன பொருள் உண்டாகிறது என்பதை அடுப்பும் ஆய்வகமும்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பேனாவுக்கு வேலை. இதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை, அதனால் விளைபொருளையும் எண்ணைப் போட்டே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எடை விஷயம் வந்ததால் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியரைப் பற்றி இரண்டு வரி. வினைக்கு முன்னால் இருந்த எடையும் பின்னால் இருக்கும் எடையும் ஒன்றே என்பதைத் தராசு வைத்து நிலைநாட்டியவர். திராட்சைச் சாறு நொதிப்பதைப் பற்றி 1789இல் எழுதும்போது, சாறு ஒரு பக்கம், வாயுவும் ஆல்கஹாலும் மறுபக்கம் என்று கணக்கு வழக்கு மாதிரியே எழுதினார். பிழைப்புக்கு அவர் வரி வசூலிக்கும் நிறுவனத்தில் பங்குதாரர். வரவு செலவு பார்த்த புத்திதான் வேதியியலுக்கும் வந்தது என்று எனக்குத் தோன்றும். அந்த வரி வசூலே அவருக்கு எமனாகவும் ஆயிற்று. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794 மே 8 அன்று தலையை வெட்டிவிட்டார்கள்.

நம் ஊரில் தராசுக் கணக்கைக் காட்டச் சுண்ணாம்பை விட நல்ல பொருள் கிடையாது. காளவாயில் சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ போட்டுச் சுமார் 900 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். கல் என்பது கால்சியம் கார்பனேட்: கால்சியம் 1, கார்பன் 1, ஆக்சிஜன் 3. சுட்டால் கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும், மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. 100 கிலோ கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு, 44 கிலோ வாயு. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். 56 கிலோவோடு 18 கிலோ தண்ணீர் சேர்ந்து 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறது, கால்சியம் ஹைட்ராக்சைடு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கத் தொட்டியில் சுண்ணாம்பு ஊறப்போட்டு, "கிட்டே போகாதே" என்று பிள்ளைகளை விரட்டிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சூடு தெரியும். அந்தச் சுண்ணாம்பை அடித்த சுவர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெல்ல வாங்கித் திரும்பவும் கல்லாகிறது. 74 கிலோ சுண்ணாம்பு 44 கிலோ வாயுவை வாங்கி, 100 கிலோ கல்லாகி, 18 கிலோ தண்ணீரை விடுகிறது. காளவாயில் போன 44தான் சுவரில் திரும்பி வந்திருக்கிறது. மூன்று சமன்பாட்டிலும் கெழு எல்லாம் 1. எண்ணே போட வேண்டாம், வாய்பாடு சரியாக இருந்தால் போதும். முதல் நாள் பயிற்சிக்கு இந்த மூன்றையும்தான் நான் கொடுப்பேன்.

கால்சியம் ஹைட்ராக்சைடு என்றதும் அடைப்புக்குறி வந்துவிடும். அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் காலடி எண் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் பொது. கால்சியம் 1, ஹைட்ராக்சைடு 2, ஆக ஆக்சிஜன் 2, ஹைட்ரஜன் 2. அலுமினியம் சல்பேட்டில் அலுமினியம் 2, சல்பேட் 3. ஒரு சல்பேட்டில் கந்தகம் 1, ஆக்சிஜன் 4. ஆக கந்தகம் 3, ஆக்சிஜன் 12. இதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 12க்குப் பதில் 7 என்றோ 4 என்றோ வந்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும்.

தொகுதிகள் வினையில் உடையாமல் அப்படியே இடம் மாறினால், அவற்றைப் பிரித்து எண்ணுவது வீண் வேலை. குடிநீர் சுத்திகரிப்பில் கலங்கலைப் படியவைக்க அலுமினியம் சல்பேட்டும் சுண்ணாம்பும் போடுகிறார்கள். பஞ்சு போன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகி அழுக்கைச் சுருட்டிக்கொண்டு அடியில் உட்காரும், கால்சியம் சல்பேட்டும் உண்டாகும். ஆக்சிஜனைப் பிரித்து எண்ணினால் தலை சுற்றும். சல்பேட்டை ஒரு ஆளாகவும் ஹைட்ராக்சைடை ஒரு ஆளாகவும் வைத்துக்கொள்ளுங்கள். சல்பேட் இங்கே 3, ஆகவே கால்சியம் சல்பேட் 3, ஆகவே சுண்ணாம்பு 3. அலுமினியம் 2, ஆகவே அலுமினியம் ஹைட்ராக்சைடு 2. ஹைட்ராக்சைடு அங்கே 6, இங்கே 6:

1 அலுமினியம் சல்பேட் + 3 கால்சியம் ஹைட்ராக்சைடு → 2 அலுமினியம் ஹைட்ராக்சைடு + 3 கால்சியம் சல்பேட்

சேர்க்கை வினை, சிதைவு வினை, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி என்று பிரித்து வைத்திருப்பது எதற்கு என்றால், என்ன விளைபொருள் வரும் என்று யூகிக்கத்தான். சமன் செய்ய அந்தப் பெயர்கள் தேவையில்லை. ஆனால் இடப்பெயர்ச்சி வினைகளுக்கு எனக்குப் பிடித்த ஒரு எடுத்துக்காட்டு உண்டு, அது விவசாயிகளுடையது.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டால் போர்டோ கலவை பற்றிச் சொல்வார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் தண்ணீரில் கலந்த பூஞ்சைக்கொல்லி. பிரான்ஸின் போர்டோ பகுதியில் சாலையோரத் திராட்சையைத் திருடர்கள் பறிக்காமலிருக்க நீலமாக எதையோ தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் 1882இல் கவனித்தார், 1885இல் கலவையை வெளியிட்டார். ஒரு சதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட். எளிமையாக எழுதினால் தாமிர சல்பேட்டும் கால்சியம் ஹைட்ராக்சைடும் ஜோடி மாற்றிக்கொண்டு தாமிர ஹைட்ராக்சைடும் கால்சியம் சல்பேட்டும் ஆகின்றன, கெழு எல்லாம் 1. உண்மையில் படிவது கொஞ்சம் சிக்கலான தாமிரக் கலப்பு, பள்ளிக்கு இது போதும்.

கணக்குப் போட்டால் ஒரு வேடிக்கை. மயில்துத்தப் படிகத்தில் ஒவ்வொரு தாமிர சல்பேட்டும் 5 நீர் மூலக்கூறைச் சுமக்கிறது, அதையும் சேர்த்து 250 கிராமுக்கு 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு போதும். ஒரு கிலோவுக்கு சுமார் 300 கிராம். பின்னே ஏன் ஒரு கிலோ போடுகிறார்கள்? தாமிரம் கரைந்த நிலையில் மிஞ்சினால் இலை கருகிவிடும், கடைச் சுண்ணாம்பின் தரத்தையும் நம்ப முடியாது. அதனால் கூடுதலாகப் போட்டு, சந்தேகத்துக்கு ஒரு சோதனையும் வைத்திருக்கிறார்கள். நன்றாகத் தீட்டிய கத்தியையோ அரிவாளையோ கலவையில் கொஞ்ச நேரம் முக்கி எடுக்க வேண்டும். செம்பு நிறம் படிந்திருந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். அந்த அரிவாளில் நடப்பதுதான் பாடப்புத்தகத்தின் ஒற்றை இடப்பெயர்ச்சி:

1 இரும்பு + 1 தாமிர சல்பேட் → 1 இரும்பு சல்பேட் + 1 தாமிரம்

இதே காரணத்தால்தான் கலவையை இரும்பு டிரம்மில் கலக்கக் கூடாது, பிளாஸ்டிக்கிலோ மண்பானையிலோ கலக்கு என்கிறார்கள். இந்த வினையை "இரும்பு ஆணியைத் துத்தக் கரைசலில் இடுக" என்று நாங்கள் வருடாவருடம் செய்து காட்டினோம். அரிவாள் சங்கதி எனக்குத் தெரிந்தது ஒரு மாணவனின் தாத்தா சொல்லித்தான்.

மேலே போகப் போக இரண்டு சங்கடங்கள் வரும், இப்போதே காதில் போட்டு வைக்கலாம். ஒன்று மின்சுமை. தாமிரக் கம்பியை வெள்ளி நைட்ரேட் கரைசலில் போட்டால் வெள்ளி படியும். அயனிகளை, அதாவது மின்சுமை ஏறிய அணுக்களை, மட்டும் எழுதினால் ஒரு தாமிரம், ஒரு வெள்ளி அயனி, அங்கே ஒரு தாமிர அயனி, ஒரு வெள்ளி. அணு எல்லாம் சரி. ஆனால் இடது பக்கம் நேர்மின்சுமை 1, வலது பக்கம் 2. அணு சரியாக இருந்தும் சமன்பாடு தப்பு. வெள்ளியை 2 ஆக்கினால்தான் சரியாகும்.

இன்னொன்று, ஒரே தொகுதி இரண்டு வழியில் பிரிந்து போகும் வினை. தாமிரத்தை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் போட்டால் ஒரு பங்கு நைட்ரேட் தாமிரத்தோடு போகிறது, இன்னொரு பங்கு நைட்ரிக் ஆக்சைடு வாயுவாகிறது. இதைப் போட்டுப் பார்த்தால் ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான். எலக்ட்ரானை எண்ணினால் ஐந்து நிமிடம். ஒவ்வொரு தாமிரமும் 2 எலக்ட்ரான் கொடுக்கிறது. வாயுவாகும் ஒவ்வொரு நைட்ரஜனும் 3 வாங்குகிறது. கொடுத்ததும் வாங்கியதும் நேராக வேண்டும் என்றால் தாமிரம் 3, நைட்ரிக் ஆக்சைடு 2. தாமிர நைட்ரேட் 3க்கு நைட்ரேட் 6 வேண்டும், வாயுவுக்குப் போன 2ஐச் சேர்த்தால் அமிலம் 8. ஹைட்ரஜன் 8, ஆகவே நீர் 4. ஆக்சிஜனை நான் தொடவே இல்லை, சரிபார்க்க மட்டும் வைத்துக்கொண்டேன். இடது பக்கம் 24. வலது பக்கம் நைட்ரேட்டில் 18, வாயுவில் 2, நீரில் 4. சரியாக இருக்கிறது. இது பதினொன்றாம் வகுப்புக்கு. இப்போது அவளைப் பயமுறுத்த வேண்டாம்.

பரீட்சைக்கு மட்டும் இரண்டு விஷயம். கெழுக்கள் எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுக்க முடிந்தால் வகுத்து, மிகச் சிறிய முழு எண்களாக எழுத வேண்டும். திண்மமா, நீர்மமா, வாயுவா, நீர்க்கரைசலா என்று பக்கத்தில் அடைப்புக்குள் போடச் சொன்னால் மறக்காமல் போட வேண்டும், சும்மா கிடைக்கிற மதிப்பெண் அது.

டியூஷன் பற்றிக் கேட்டீர்கள். இப்போது வேண்டாம். ஒரு வாரம் சமன் செய்வதையே நிறுத்திவிடுங்கள். தினமும் பத்துப் பொருளின் பெயரைச் சொல்லி வாய்பாடு எழுதச் சொல்லுங்கள், எழுதியதை அணு அணுவாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வேதியியல் தெரிய வேண்டும் என்பதில்லை, புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்த்தால் போதும். அடுத்த வாரம் சுண்ணாம்பு மூன்றும், அப்புறம் அலுமினியமும் அமிலமும், பிறகு புரொப்பேன். அழிக்கும் ரப்பரை மட்டும் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். தப்பினால் அடித்துவிட்டு அடுத்த வரியில் எழுதட்டும், எந்த இடத்தில் தப்பினாள் என்று உங்களுக்கும் தெரியும். அப்படியும் வரவில்லை என்றால் அந்த நோட்டின் ஒரு பக்கத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.